வலக்கை தனியாக வருகிறது, இடக்கையும் தனியாக வருகிறது. சேர்த்தால் மட்டும் ஏன் சிதறுகிறது?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதியிருக்கும் உங்கள் கேள்வியின் சாரம் இது. பத்து வயது மகளும் நீங்களும் வீட்டிலுள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவில் ஓராண்டாகப் பழகி வருகிறீர்கள். ஜி மேஜர் மினுவெட் என்ற நடன இசையை வலக்கையில் மூன்று வாரம், இடக்கையில் மூன்று வாரம் என்று தனித்தனியே பயின்று, இரண்டையும் கையைப் பார்க்காமலே வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் சேர்த்து வாசிக்கத் தொடங்கிய உடனே முதல் வரி முடிவதற்குள் எல்லாம் சிதறிவிடுகிறது. ஆசிரியர் இன்னும் தனித்தனியாகவே பழகச் சொல்கிறார். பியானோ தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரோ தனிக்கைப் பயிற்சியே கெட்ட பழக்கம் என்கிறார். யார் சொல்வது சரி என்றும், பியானோவில் இருக்கும் பதிவு வசதி இதற்கு உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம் இருவரும் சொல்லாத ஒன்று. தனிக்கைப் பயிற்சி தேவைதான். அதை முழுப் பாட்டுக்கும் ஆறு வாரம் செய்ததுதான் பிழை. நான்கு பாருக்கு (இசைக்குறிப்பில் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி ஒரு பார்) ஆறு நிமிடம் செய்துவிட்டு, அதே அமர்வில், விரல்களில் சூடு ஆறுவதற்குள் இரு கைகளையும் சேர்த்திருக்க வேண்டும்.

ஏன் என்பதைச் சொல்ல உங்கள் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்கிறேன். அம்மாபேட்டைப் பக்கம் குழித்தறி ஓடும் வீடு ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெசவாளியின் கால் மிதியை அழுத்துகிறது, பாவு இரண்டாகப் பிரிகிறது, வலக்கை கயிற்றைச் சுண்ட நாடா ஓடுகிறது, இடக்கை பலகையை இழுத்து ஊடையை நெருக்குகிறது. அங்கே வலக்கைக்கு ஒரு வேலை, இடக்கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை என்று மூன்று வேலைகள் நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நெசவாளியைக் கேட்டால் ஒரே வேலைதான் என்பார். மிதி, நாடா, பலகை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒரே வரிசை அது. கயிறு சுண்டுவதை மூன்று வாரமும் பலகை இழுப்பதை மூன்று வாரமும் தனித்தனியே பழகிய ஒருவரைத் தறியில் உட்கார வைத்தால், இரண்டும் தெரிந்திருந்தும் அவருக்கு நெய்ய வராது. எது முதலில், எது அடுத்து, எவை ஒரே நேரத்தில் என்ற வரிசையை அவர் ஒருநாளும் கற்கவே இல்லை.

பியானோவிலும் அப்படியே. வலக்கைப் பாடம் ஒன்று, இடக்கைப் பாடம் ஒன்று, இரண்டும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பது மூன்றாவது பாடம். முதல் இரண்டையும் எவ்வளவு திறம்படக் கற்றாலும் மூன்றாவது தானாக வருவதில்லை. இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: தனியாக வாசிக்கும் கை, மற்றக் கைக்கு இடம் விடாத ஒரு வேகத்துக்கும் பார்வைக்கும் பழகிவிடுகிறது. இடக்கையைத் தனியே வாசிக்கும்போது கண்கள் இரண்டும் இடக்கைக்கே சொந்தம். சேர்த்து வாசிக்கும்போது அந்தக் கண்களை வலக்கையும் கேட்கும், இசைக்குறிப்பும் கேட்கும். பார்க்காமலே வாசிக்க வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படி நம்புவார்கள். ஒரு துண்டைக் கைகளின் மேல் போர்த்திக்கொண்டு வாசித்துப் பார்த்தால் எத்தனை இடத்தில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது தெரியும்.

இனி நீங்கள் எடுத்துக்கொண்ட பாட்டுக்கே வருகிறேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தம் மனைவி அன்னா மக்டலேனாவுக்காக 1725இல் தொடங்கிய குறிப்பேட்டில் இருப்பதால் இதை நெடுங்காலம் பாக் எழுதியதாகவே நினைத்தார்கள். டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்டின் படைப்பு என்பது பின்னாளில் தெரியவந்தது. மூன்றெண்ணிக்கைத் தாளம், 32 பார்கள். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதைக் கொடுப்பதற்குக் காரணம் முதல் ஆறு பார்களில் இடக்கைக்கு வேலை மிகக் குறைவு என்பதுதான். முதல் பாரைத் தாண்டினால் பாருக்கு ஒரே சுரம். அழுத்திப் பிடித்திருந்தால் போதும். அதனாலேயே இது ஏமாற்றும் பாட்டு. ஆறு பார் வரை இரு கைகளும் சேர்ந்துவிட்டன என்று நம் மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில், 7ஆவது பாரில் இடக்கை திடீரென ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் நடக்கத் தொடங்குகிறது: டி, பி, ஜி. 8ஆவது பாரில் வலக்கை ஏ சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதுவரை நடந்துகொண்டிருந்த இடக்கை ஓட ஆரம்பிக்கிறது: மேல் டி, ஓர் ஆக்டேவ், அதாவது எட்டுச் சுர தூரம், தாவிக் கீழ் டி, பிறகு ஸி, பி, ஏ. அடுத்த பாரின் பி சுரத்தில் இடக்கை வந்து இறங்கும் அதே கணத்தில் வலக்கை ஏ சுரத்தை விட்டு மேலே டிக்குத் தாவ வேண்டும்.

முதல் வரியிலேயே சிதறுகிறது என்று நீங்கள் சொல்வது இந்த இடத்தில்தான் என்று ஊகிக்கிறேன். என்னிடம் இந்த மினுவெட்டை வாசித்த குழந்தைகளில் பெரும்பாலானோர் இங்கேதான் தடுக்கினார்கள். அவர்களைவிட அதிகமாகப் பெரியவர்கள் தடுக்கினார்கள்.

இந்த இரண்டு பார்களை எப்படிப் பயில்வது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மற்ற இடங்களுக்கும் இதே முறையை நீங்களே பொருத்திக்கொள்ளலாம். முதலில் இடக்கை. எப்போதும் இடக்கையை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வலக்கையில் மெட்டு இருப்பதால் காது அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். இடக்கையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுத்தால்தான் காதுக்குத் தெரியும். 8ஆவது பாருக்கு விரல் எண்களைப் பென்சிலால் எழுதுங்கள்: மேல் டிக்குப் பெருவிரல், கீழ் டிக்குச் சுண்டுவிரல், ஸிக்கு மீண்டும் பெருவிரல், பிக்கு ஆள்காட்டி விரல், ஏக்கு நடுவிரல். உங்கள் மகளின் கை ஓர் ஆக்டேவ் எட்டாவிட்டாலும் கவலையில்லை. இரண்டு டியும் ஒன்றாக ஒலிக்க வேண்டியவை அல்ல, முழங்கையோடு கை நகர்ந்து போனால் போதும். எழுதிய விரல் எண்ணை நாளுக்கு ஒன்றாக மாற்றக்கூடாது. தனிக்கைப் பயிற்சியின் உண்மையான பயன் இதுதான்: எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற கேள்விக்கு ஒருமுறை விடை கண்டு, அந்த விடையை மாற்றாமல் விரலுக்குக் கொடுத்துவிடுவது. இந்த விடை கிடைத்ததும் தனிக்கையின் வேலை அநேகமாக முடிந்துவிடுகிறது.

தனிக்கையில் வாசிக்கும்போதும் 8ஆவது பாரோடு நிறுத்தாதீர்கள். 9ஆவது பாரின் முதல் சுரம் வரை வாசித்துவிட்டே கையை எடுங்கள். ஏற்காட்டுக்கு மேலே வரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நேர்ச் சாலையை நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் அந்தச் சாலையில் தடுமாறுவது வளைவுகளில்தான். பாட்டிலும் ஒரு பகுதி முடிந்து மறு பகுதி தொடங்கும் இடம்தான் வளைவு. பயிற்சியை அந்த வளைவுக்கு ஒரு சுரம் முன்னால் நிறுத்திவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. பார் கோட்டைச் சுவராக நினைக்கிறோம். விரலுக்கு அந்தக் கோடு தெரியாது.

இடக்கையை மூன்று முறை தொடர்ந்து தவறின்றி வாசித்தாயிற்று, வலக்கையையும் அவ்வாறே வாசித்தாயிற்று என்றால் ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். இப்போது கட்டையைத் தொடாமல் மடியில் தட்டுங்கள். 7ஆவது பாரின் வரிசை: சேர், சேர், வலம், சேர், வலம். 8ஆவது பாரின் வரிசை: சேர், இடம், இடம், இடம், இடம். பிறகு 9ஆவது பாரின் தொடக்கம்: சேர். இதை வாயால் சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் தொடையில் தட்டிப் பாருங்கள். மிருதங்கம் பழகும் பிள்ளைகளை யாரும் தொப்பியை ஒரு மாதம், வலந்தலையை ஒரு மாதம் என்று தட்டவிடுவதில்லை. சொற்கட்டை முதலில் வாய் சொல்கிறது, எந்தச் சொல்லுக்கு எந்தக் கை என்பது சொல்லோடு சேர்ந்தே வருகிறது. நம் மண்ணில் இவ்வளவு நல்ல முறை இருக்கும்போது பியானோ மாணவர்கள் அதைக் கையாளாமல் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. வாய் தடுமாறாமல் சொன்னதைக் கை பெரும்பாலும் தடுமாறாமல் செய்துவிடும்.

மடியில் வந்ததும் கட்டைக்குப் போங்கள். வேகத்தைத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் எண் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்து விழப்போவது எந்த விரல் என்று விழுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும் வேகம் எதுவோ அதுதான் உங்கள் வேகம். முதல் நாள் அது நிமிடத்துக்கு 40 எண்ணிக்கையாக இருக்கலாம். அதுகூட அதிகம் என்று தோன்றினால் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சேர்க்கையிலும் நின்று, அடுத்ததை மனத்தில் பார்த்துவிட்டு நகருங்கள். பிறகு நான்கு நான்காக ஏற்றலாம். தனியாக 100இல் ஓடும் கைகளைச் சேர்த்தவுடன் 40க்கு இறக்க மனம் ஒப்பாது. நீங்கள் ஆறு வாரம் உழைத்துச் சேர்த்த வேகமே இப்போது உங்களுக்கு எதிரியாகியிருக்கிறது. ஓரிரு நாள் அந்த வேகத்தை மறந்துவிடுங்கள்.

இதற்கான தண்டனையை நான் அனுபவித்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பர்க்முல்லர் எழுதிய 100ஆவது ஓபஸ் (படைப்பு எண்) தொகுப்பில் 25 பயிற்சிப் பாடல்கள் இருக்கின்றன; அவற்றில் இரண்டாவதாக வரும் அரபெஸ்க் பியானோ பழகும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளிப் பருவத்தில் அதைத் தேர்வுக்காக எடுத்துக்கொண்டு, வலக்கையின் அந்தச் சுழலும் ஓட்டத்தை நாள்தோறும் தனியாக வாசித்து வேகம் ஏற்றினேன். இடக்கையில் வெறும் கார்டுகள், ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், தானே என்று கடைசி இரண்டு வாரம்வரை அதைத் தொடவேயில்லை. நடுப்பகுதியில் அதே சுழலும் ஓட்டம் இடக்கைக்கு மாறுகிறது. தேர்வு அறையில் வலக்கையின் வேகத்தில் தொடங்கி, அந்த இடத்துக்கு வந்ததும் என் இடக்கை தேங்கி நின்றுவிட்டது. தேர்வாளர் பொறுமையாக, வேண்டுமானால் மீண்டும் தொடங்கலாம் என்றார். மீண்டும் தொடங்கினேன், மீண்டும் அதே இடத்தில் நின்றேன். பாட்டின் வேகத்தை முடிவு செய்வது அதில் தளர்ந்த கைதான் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. டிஜிட்டல் பியானோ இந்த வேலைக்கு உதவுமா? உதவும், சில வகைகளில் சாதாரணப் பியானோவைவிட நன்றாகவே உதவும். ஆனால் எல்லோரும் முதலில் கையாளும் முறைதான் அவற்றில் பயன் குறைந்தது. இடக்கையைப் பதிவு செய்துவிட்டு, அது ஒலிக்க அதன்மேல் வலக்கையை வாசிப்பது. கேட்க இனிமையாக இருக்கும், இரு கைகளும் சேர்ந்துவிட்டதாகத் தோன்றும்; உண்மையில் நீங்கள் வாசிப்பது ஒரு கை மட்டுமே. மூன்றாவது பாடம் அங்கே நடக்கவே இல்லை. அந்த முறையால் கிடைப்பது வேறொரு பயன்: பதிவான கை உங்களுக்காகக் காத்திருக்காது. கடினமான இடத்தில் நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்கள், எளிய இடத்தில் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதை அது ஈவு இரக்கமின்றிக் காட்டிக்கொடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனைக்கு அதைப் பயன்படுத்துங்கள். பதிவு செய்யும்போது மெட்ரோனோமோடு பதிவு செய்யுங்கள். தொடங்குமுன் ஒரு பார் வெறுமையாக எண்ணிக்கை ஓடட்டும், இல்லையேல் எங்கே நுழைவது என்று தெரியாது.

இதைவிட நல்ல முறை ஸ்ப்ளிட் வசதியில் இருக்கிறது. கட்டை வரிசையை ஓர் இடத்தில் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்துக்கு ஓர் ஒலியும் வலப்பக்கத்துக்கு வேறோர் ஒலியும் கொடுப்பது ஸ்ப்ளிட். பல மாடல்களில் பிரியும் இடத்தையும், இரு பக்கங்களின் ஒலி அளவையும் மாற்றிக்கொள்ளலாம். மினுவெட்டின் முதல் பாதியில் இடக்கை நடு ஸிக்கு அடுத்த டியைத் தாண்டுவதில்லை. வலக்கை அதற்கு மேலுள்ள எஃப் ஷார்ப்புக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே டிக்கும் எஃப் ஷார்ப்புக்கும் இடையே பிரிவை வையுங்கள். இப்போது வலப்பக்கத்தின் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு இரு கைகளாலும் வாசியுங்கள். இரண்டு கைகளும் வேலை செய்யும், இடக்கை மட்டுமே கேட்கும். மெட்டின் மயக்கம் இல்லாமல் இடக்கையைக் கேட்டுக்கொண்டே வலக்கையையும் நடத்த வேண்டியிருப்பதால் முதலில் தலை சுற்றுவது போல் இருக்கும். அந்தச் சுற்றல்தான் நீங்கள் இதுவரை கற்காத பாடம் உள்ளே போவதன் அடையாளம். பிறகு இடப்பக்க ஒலியைக் குறைத்து வலப்பக்க ஒலியை ஏற்றுங்கள். சாதாரணப் பியானோவில் இதைச் செய்ய வழியே இல்லை. ஒரு எச்சரிக்கை: 29ஆவது பாரில் வலக்கை நடு ஸிக்கு அடுத்த டி வரை இறங்கிவிடும், ஆகையால் இந்த அமைப்பு பாட்டின் இறுதிப் பகுதிக்கு ஒத்துவராது. சில மாடல்களில் மின்சாரத்தை அணைத்தால் ஸ்ப்ளிட் அமைப்பு பழையபடி ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடி மின்னல் மாலைகளில் எங்கள் மலையில் ஒரே அமர்வில் மூன்று முறை அதைத் திரும்ப அமைத்திருக்கிறேன்.

அதே ஸ்ப்ளிட்டில் இடக்கைக்கு ஆர்கன் ஒலியைக் கொடுத்துப் பார்ப்பது இன்னொன்று. பியானோவின் ஒலி அழுத்தியதும் தேயத் தொடங்கிவிடும். ஆர்கன் ஒலி விரலை எடுக்கும்வரை தேயாது. முதல் ஆறு பார்களில் இடக்கைச் சுரத்தை முழுப் பாருக்கும் பிடித்திருக்கிறீர்களா, வலக்கை ஓடும் அவசரத்தில் இரண்டாம் எண்ணிக்கையிலேயே தூக்கிவிடுகிறீர்களா என்பது ஆர்கனில் உடனே அம்பலமாகும். அடுத்த சுரம் வந்த பிறகும் முந்தைய விரலை எடுக்காமல் இருப்பதும் இரண்டு சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முழங்குவதால் தெரிந்துவிடும். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி. கோயில் மணிக்குப் பதிலாகத் தேவாலயம் கேட்கிறது என்று ஒரு சிறுவன் சொன்னான்.

ஒலி அளவைக் குறித்தும் ஒரு வார்த்தை. குடியிருப்பில் இருப்பவர்கள் ஹெட்போன் போட்டு, ஒலியை மிகவும் குறைத்து வைத்துப் பழகுவார்கள். கேட்காததால் கை தானாகக் கட்டையை ஓங்கி அறையத் தொடங்கும். தனிக்கையில் இந்தப் பழக்கம் வந்தால் சேர்க்கும்போது இரு கைகளும் ஒன்றையொன்று விஞ்சிச் சத்தமிடும். ஒலியைப் பாதிக்கு மேல் வையுங்கள், தொடுகை அமைப்பை நடுத்தரத்திலேயே விடுங்கள். இந்தப் பாட்டுக்கு ஒலியை நீட்டும் பெடல் வேண்டாம். பெடலைப் போட்டுத் தனிக்கை பழகுவது அழுக்கை விரிப்பால் மூடுவது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் உள்ள உண்மைக்கு வருகிறேன். சில பாடல்களைக் கை வாரியாகப் பிரிக்கவே கூடாது. பீத்தோவன் 1810இல் எழுதிய, அவர் இறந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு 1867இல் அச்சேறிய ஃபூர் எலீஸை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதன் மெட்டு ஏ சுரத்தில் வந்து நின்றதும் இடக்கை கீழிருந்து ஏ, ஈ, ஏ என்று மூன்று படி ஏறி, வலக்கையிடம் கொடுக்க, வலக்கை ஸி, ஈ, ஏ என்று தொடர்ந்து ஏறுகிறது. ஒரே ஏணியில் கீழ்ப்பாதியை ஒருவரும் மேற்பாதியை ஒருவரும் ஏறுவது போன்றது அது. தனித்தனியே வாசித்தால் இரண்டு கைகளிலும் கிடைப்பது பொருளில்லாத துண்டுகள். அங்கே முதல் நாளே இரு கைகளும் வேண்டும். கற்க வேண்டியதே கை மாறும் அந்தக் கணத்தைத்தான்.

இதற்கு நேர் எதிரானவை இரண்டு குரல்கள் கொண்ட, இன்வென்ஷன் எனப்படும் பாக்கின் பயிற்சிப் பாடல்கள். 1723இல் அவர் படியெடுத்த தொகுப்பின் முகப்பிலேயே, இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்கக் கற்பதற்காக என்று நோக்கத்தைச் சொல்லியிருக்கிறார். 15 பாடல்களில் முதலாவதை எடுத்துக்கொண்டால், வலக்கை தொடங்கிய சொல்லை அரை பார் தள்ளி, ஓர் ஆக்டேவ் கீழே இடக்கை அப்படியே திருப்பிச் சொல்கிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு முழுமையான குரல் இருக்கிறது. அங்கே தனிக்கைப் பயிற்சியை நீண்ட நாள் செய்தாலும் வீண் இல்லை, ஏனெனில் தனியாகவே அது இசை. ஆக, பாட்டைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்: ஒரு கையை மட்டும் வாசித்தால் அது ஒரு வாக்கியமாகக் கேட்கிறதா, உடைந்த சொல்லாகக் கேட்கிறதா? மினுவெட் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வலக்கை முழு வாக்கியம், இடக்கை சில இடங்களில் மட்டும் வாக்கியம்.

ஒரு கைக்கு மூன்றும் மறு கைக்கு இரண்டும் என்று தாளம் மோதும் பாடல்கள் பிற்காலத்தில் உங்கள் மகளுக்கு வரும். அவற்றைத் தனிக்கையில் ஓராண்டு பழகினாலும் சேராது. தகிட தகிட என்று ஆறு எண்ணிக்கையாகச் சொல்லி, இரண்டு த எழுத்திலும் இடக்கையையும், முதல் த, முதல் ட, இரண்டாம் கி ஆகியவற்றில் வலக்கையையும் வைத்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். இப்போதைக்கு அது தேவையில்லை. சொற்கட்டின் வலிமைக்கு ஒரு சான்றாகச் சொன்னேன்.

நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். உங்கள் மகளுக்கு இருபது நிமிடம் போதும், உங்களுக்கு அரை மணி. அதில் பாட்டை முதலிலிருந்து இறுதிவரை ஓட்டிப் பார்ப்பதற்குக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். நான்கு பார், இடம், வலம், மடி, சேர்க்கை. முடிந்ததா, அடுத்த நான்கு பார். இன்று சேராதது தூங்கி எழுந்து மறுநாள் உட்கார்ந்ததும் சேர்ந்திருப்பதைப் பலமுறை பார்ப்பீர்கள். மறுநாள் தொடங்கும்போது நேற்று விட்ட இடத்துக்கு நேராகப் போகாமல், சேர்த்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்தப் பாரில் நிற்கிறதோ அந்த பாருக்கு மட்டும் தனிக்கை. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இடத்தை மீண்டும் பிரிப்பது நேர விரயம்.

இறுதியாக, பதிவு வசதியைவிட நல்லதொன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஒரே பாட்டை ஒரே நேரத்தில் இருவர் கற்கிறீர்கள். மகள் வலக்கைப் பகுதியையும் நீங்கள் அவளுக்கு இடப்பக்கம் அமர்ந்து இடக்கைப் பகுதியையும் வாசியுங்கள். பதிவு செய்த கை போல நீங்கள் ஓடிவிடப் போவதில்லை; அவள் 7ஆவது பாரில் தயங்கினால் உங்களுக்குக் கேட்கும், நீங்கள் 8ஆவதில் தாவும்போது அவள் ஏ சுரத்தைப் பிடித்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருப்பாள். நான்கு பாருக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள். அதன்பின் அவள் தன் இடக்கையால் உங்கள் பகுதியை எடுத்துக்கொள்ள, நீங்கள் மெல்ல விலகிக்கொள்ளலாம். 7ஆவது பாரில் மட்டும் ஓரிரு நாள் கூட இருங்கள்.